பேய்ப்படத்துக்கு உண்மையான பில் எப்போ வருது?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சுருக்கித் தொகுக்கப்பட்டது.)

இன்னைக்கு பேய்ப்படம் பத்திப் பேசப்போறோம். ஆனா பேயைப் பத்தி இல்ல. அந்தப் படத்தை சொந்தக் காசுல எடுக்கிறவங்க வீட்டு பாஸ்புக்கைப் பத்தி.

"முதல் படம், கையில பெரிய காசு இல்ல, என்ன எடுக்கலாம்?"னு யாரைக் கேட்டாலும் வர்ற பதில், "பேய்ப்படம் எடு". காரணமும் நியாயமானதுதான். இந்த வகைப் படத்துக்கு ஸ்டார் வேண்டாம். ஒரு வீடு, நாலு நடிகர்கள், கொஞ்சம் இருட்டு போதும். 2012 அக்டோபர்ல வந்த 'பீட்சா'வையே எடுத்துக்கோங்க. கார்த்திக் சுப்புராஜ் முதல்ல எடுக்க நினைச்சது 'ஜிகர்தண்டா'. அதுக்குப் பெரிய பட்ஜெட் தேவைப்பட்டதால, சின்ன பட்ஜெட்ல முடியற மாதிரி எழுதின கதைதான் 'பீட்சா'. அது ஓடிச்சு. இந்தி, கன்னடம்னு ரீமேக்கும் ஆச்சு.

வெளியே அதிகம் தெரியாத ஒரு விஷயம் இருக்கு. பேய்ப்படம் ஆரம்பிக்கத்தான் சீப். முடிக்கிறதும், முடிச்சதுக்கு அப்புறம் காத்திருக்கிறதும் சீப் இல்ல. அந்த ரெண்டுக்குமான பில் பெரும்பாலும் டைரக்டர் பேருக்கு மட்டும் வர்றதில்ல. அவர் வீட்டுக்காரங்க பேருக்கும் நண்பர்கள் பேருக்கும் சேர்த்துத்தான் வருது.

திருவண்ணாமலையில ஒரு கணக்கு

புரியறதுக்காக ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். திருவண்ணாமலையில உங்க தாத்தா கட்டின ஓட்டு வீடு சும்மா கிடக்கு. பின்னாடி மலை, முன்னாடி தெரு. லொகேஷன் ரெடி, வாடகை மிச்சம்னு தோணும்.

முதல் செலவு ராத்திரிக்கு. பேய்ப்படம்னா பாதிக்கு மேல நைட் ஷூட். ஜெனரேட்டர், லைட், டீசல் எல்லாம் தினக்கணக்கு. கால்ஷீட் நேரம் தாண்டினா பேட்டா ஏறும். பௌர்ணமி வந்தா, 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில லட்சக்கணக்குல ஜனம் நடக்கும். அன்னைக்கு லாட்ஜ்ல ரூம் கிடைக்கிறதே கஷ்டம். கார்த்திகை தீபம் பக்கத்துல வந்தா சொல்லவே வேண்டாம். உங்களுக்கோ ஊரே அடங்கின அமைதி வேணும். ஒலிபெருக்கியும் பஸ் ஹாரனும் மைக்ல ஏறினா அந்த டயலாக் மொத்தமும் டப்பிங்குக்குப் போகும். அது இன்னொரு செலவு.

"அப்போ மலை மேல எடுக்கலாம்"னா வனத்துறை அனுமதி வேணும். கோயிலுக்குள்ள காட்சி வேணும்னா அறநிலையத் துறை. தெருவுல ராத்திரி கேமரா வெச்சா போலீஸ். ஒவ்வொரு அனுமதிக்கும் நாள் போகும். நடிகர்களோட டேட் அதுவரைக்கும் காத்திருக்காது.

இதையெல்லாம் சமாளிச்சு ஷூட்டிங்கை முடிச்சாச்சுன்னு வெச்சுக்குவோம். கை காலியா இருக்கும். ஆனா பேய் இன்னும் படத்துக்குள்ள வரவே இல்ல. ஏன்னா பார்க்கிறவங்களைப் பயமுறுத்துறதுல பெரிய பங்கு சத்தத்துக்குத்தான். கதவு கிறீச்சிடறது, மாடியில யாரோ நடக்கிறது, திடீர்னு எல்லாம் நின்னு போற அமைதி, இதெல்லாம் சவுண்ட் டிசைன்லயும் மிக்ஸிங்லயும் பிறக்குது. இருட்டு இருட்டா தெரியணும், அதே சமயம் நடிகரோட கண்ணும் தெரியணும். அது டிஐல நடக்கிற வேலை. காமெடிப் படத்துல மிக்ஸிங் சுமாரா இருந்தாலும் ஜோக்குக்கு சிரிப்பாங்க. பேய்ப்படத்துல மிக்ஸிங் சுமார்னா பேயைப் பார்த்தே சிரிப்பாங்க.

வட்டிக்கு பேக்கப் கிடையாது

இப்போ வட்டியைப் பார்ப்போம். வெளியில 20 லட்சம் கடன், மாசத்துக்கு 2 ரூபா வட்டின்னு வெச்சுக்கோங்க. மாசம் 40,000 ரூபா. வருஷத்துக்கு 4,80,000. படம் முடிஞ்சு, சென்சார் ஆகி, ரிலீஸ் ஆக மூணு வருஷம் ஆனா வட்டி மட்டும் 14,40,000. அசல்ல ஒரு ரூபா குறைஞ்சிருக்காது.

மூணு வருஷம் ரொம்ப அதிகமா தெரியலாம், ஆனா வழக்கமா நடக்கிறதுதான். ஒரேன் பெலி 'பேராநார்மல் ஆக்டிவிட்டி'யை தன் சொந்த வீட்டுலயே, சுமார் 15,000 டாலர்ல, ஒரே வாரத்துல எடுத்தார். 2007-ல விழாவுல காட்டினாங்க. பெரிய அளவுல தியேட்டருக்கு வந்தது 2009-ல. இந்தக் கதையைச் சொல்றவங்க எல்லாரும் 15,000 டாலரைச் சொல்வாங்க, காத்திருந்த காலத்தைச் சொல்ல மாட்டாங்க. நம்ம ஊர்ல, 'மாயா' மாதிரி ஒரு வெற்றிக்கு அப்புறம் அஸ்வின் சரவணன் எடுத்த 'இறவாக்காலம்' பல வருஷம் தியேட்டருக்கு வராமலே இருந்தது. பேர் வாங்கின டைரக்டருக்கே இந்த நிலைமை.

பேய்ப்படத்துக்குன்னே இன்னொரு சிக்கலும் இருக்கு. ரத்தமும் பயமும் கூடினா 'ஏ' சான்றிதழ் வர வாய்ப்பு அதிகம். 'ஏ' படத்தை அப்படியே டிவியில போட முடியாது. வெட்டி, மறுபடி 'யு/ஏ' வாங்கணும். சின்னப் படத்துக்கு டிவி உரிமை ஒரு முக்கியமான வருமானம். அது தள்ளிப்போனா வட்டி இன்னும் கொஞ்சம் ஓடும்.

'தும்பாட்': ஆறு வருஷம், அப்புறம் இன்னொரு ஆறு வருஷம்

இந்தியாவுல இதுக்கு நல்ல உதாரணம் 'தும்பாட்'. டைரக்டர் ராஹி அனில் பர்வே கதையோட முதல் வடிவத்தை எழுதினது 1997-ல. 700 பக்கத்துக்கு ஸ்டோரிபோர்டு வரைஞ்சார். தயாரிப்பாளர்கள் வந்தாங்க, போனாங்க. கடைசியில நடிகர் சோஹம் ஷா தானே தயாரிச்சு நடிக்க இறங்கினார். 2012-ல ஷூட்டிங். எடிட் பண்ணிப் பார்த்தா, நினைச்ச படம் அதுல இல்ல. திரும்ப எழுதி, திரும்ப எடுத்தாங்க. 2015-ல ஷூட்டிங் முடிஞ்சது. கிராபிக்ஸ், சவுண்ட் எல்லாம் முடிஞ்சு 2018 அக்டோபர் 12-ல ரிலீஸ். நடுவுல தன் சொத்துகளை வித்ததா சோஹம் ஷா பேட்டிகள்ல சொல்லியிருக்கார்.

அந்த வருஷம் வெனிஸ் விழாவோட விமர்சகர்கள் வாரத்தைத் தொடங்கி வெச்ச படம் இது. பாராட்டு குவிஞ்சது. தியேட்டர்ல வந்ததோ சுமார் 13 கோடி. போட்ட உழைப்புக்கும் காலத்துக்கும் அது பெரிய தொகையே இல்ல. 2024 செப்டம்பர் 13-ல மறுபடி ரிலீஸ் பண்ணப்போ 30 கோடிக்கு மேல வசூல். ஓடிடியில பார்த்து ரசிகரானவங்க, இந்தத் தடவை டிக்கெட் வாங்கித் தியேட்டருக்கு வந்தாங்க.

இதைக் கேட்டதும் "பார்த்தியா, பொறுமைக்குப் பலன் கிடைச்சது"ன்னு தோணும். கொஞ்சம் நில்லுங்க. முதல் ஷூட்டிங்ல இருந்து இந்த வசூல் வரைக்கும் 12 வருஷம். விக்கிறதுக்கு சொத்து இருந்த ஒருத்தர் அதைத் தாங்கினார். இரண்டாம் பாகம் அறிவிச்சப்போ, அதுல தான் இல்லைன்னு பர்வேயே சொல்லிட்டார். ஒரே படத்துக்காக வருஷக்கணக்கா உழைச்சவங்க எல்லாருக்கும் பலன் ஒரே நேரத்துல, ஒரே அளவுல வர்றதில்ல.

கஷ்டப்பட்டவங்க வேற, காசு பார்த்தவங்க வேற

1968-ல வந்த 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' உலக ஜாம்பிப் படங்களுக்கெல்லாம் முன்னோடி. ஜார்ஜ் ரொமேரோவும் நண்பர்களும் சுமார் 1.14 லட்சம் டாலர்ல எடுத்தது. ரிலீஸுக்கு முன்னாடி விநியோகஸ்தர் படத்தோட பேரை மாத்தினார். புது டைட்டில் கார்டுல காப்புரிமை வரி விட்டுப்போச்சு. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி, அந்த ஒரு வரி இல்லாததால படம் பொதுச்சொத்தாயிடுச்சு. யார் வேணும்னாலும் காப்பி போட்டு விக்கலாம். வித்தாங்க. எடுத்தவங்களுக்குப் பேர் கிடைச்சது.

1974-ல வந்த 'டெக்சாஸ் செயின்சா மாசக்கர்' டெக்சாஸ் வெயில்ல எடுத்த படம். அழுகின இறைச்சி நாத்தத்துக்கு நடுவுல, ஒரு காட்சி ஒரு நாளையும் தாண்டி ஓடிச்சு. நடிகர்கள் பலர் சம்பளத்துக்குப் பதிலா பங்குன்னு ஒத்துக்கிட்டாங்க. அந்தப் பங்கு மொத்தப் படத்துலயும் இல்ல, படத்துல ஒரு பகுதியை வெச்சிருந்த கம்பெனியோட பங்குதான்னு அப்புறம்தான் தெரிஞ்சது. படம் பெரிய ஹிட். இவங்க கைக்கு வந்தது சொற்பம்.

'தி ஈவில் டெட்' கதை கொஞ்சம் வேற. சாம் ரெய்மி முதல்ல, 1978-ல, 'விதின் தி வுட்ஸ்'னு ஒரு குறும்படம் எடுத்தார். அதைப் போட்டுக் காட்டித்தான் ஊர்ல தெரிஞ்சவங்ககிட்ட பணம் திரட்டினார். 1979 குளிர்காலத்துல டென்னசியில ஷூட்டிங். பேய் வேஷத்துக்குப் போட்ட கண்ணாடி வில்லையோட நடிகர்களுக்குக் கண்ணே தெரியாது, வலி வேற. பணம் தீர்ந்தப்போ ஹீரோவா நடிச்ச புரூஸ் கேம்பெல் தன் குடும்பச் சொத்தை ஈடு வெச்சார். படம் முடிஞ்சது, ஜெயிச்சது, சொத்தும் தப்பிச்சது. தப்பிச்சதால இன்னைக்கு அதைச் சுவாரசியமான கதையா கேட்கிறோம்.

அப்போ எடுக்கவே கூடாதா?

எடுக்கலாம். ஆனா எதையும் விக்கிறதுக்கு முன்னாடி நாலு வேலை இருக்கு.

ஒண்ணு, பத்து நிமிஷத்துக்கு ஒரு பைலட் எடுங்க, சவுண்டோட. உங்க கதை பயமுறுத்துதான்னு ஒரு லட்சத்துல தெரிஞ்சுக்கிறது, இருபது லட்சம் போன பிறகு தெரிஞ்சுக்கிறதை விட நல்லது.

ரெண்டு, சவுண்ட், டிஐ, கிராபிக்ஸுக்கான பணத்தை முதல் நாளே தனிக் கணக்குல போட்டுடுங்க. ஷூட்டிங்ல என்ன ஆனாலும் அதுல கை வைக்கக்கூடாது.

மூணு, பேப்பர். இந்தியக் காப்புரிமைச் சட்டப்படி ஒரு படத்தோட 'ஆசிரியர்' டைரக்டர் இல்ல, தயாரிப்பாளர். காசு போட்ட நண்பர் பேரை பாசத்துல தயாரிப்பாளர்னு போட்டா, உரிமை யாருக்குங்கிற கேள்வி அங்கேயே ஆரம்பிக்கும். சம்பளம் இல்லாம வேலை செஞ்ச கேமராமேனுக்கும் எடிட்டருக்கும் எத்தனை சதவீதம், அது எந்த வருமானத்துல இருந்துங்கிறதை எழுதிக் கையெழுத்து போடுங்க. எழுதிட்டா நட்பு கெட்டுடாது. எழுதாததாலதான் நிறைய நட்பு கெடுது.

நாலாவது வேலைதான் எனக்கு முக்கியமா படுது. அம்மா நகையைக் கழட்டிக் கொடுத்தாங்கன்னா அதை 'தியாகம்'னு சொல்லி பேட்டி கொடுக்கிறது சுலபம். அவங்க உங்க படத்தோட முதலீட்டாளர். வேற எந்த முதலீட்டாளருக்கும் காட்டுற கணக்கை அவங்களுக்கும் காட்டுங்க. எவ்வளவு போகும், எவ்வளவு நாள் ஆகும், திரும்ப வராமலே போக எவ்வளவு வாய்ப்பு இருக்குன்னு சொல்லுங்க. கேட்டுட்டு "வேண்டாம்ப்பா"ன்னு சொல்ற உரிமை அவங்களுக்கு இருக்கணும். குடியிருக்கிற வீட்டை மட்டும் எந்தக் கதைக்காகவும் ஈடு வெக்காதீங்க.

'தும்பாட்' பேராசையைப் பத்தின படம். கையில பொற்காசு கிடைச்சதும், எங்கே நிறுத்தணும்னு தெரியாதவன் அதுல மாட்டிக்கிறான். படம் எடுக்கிறவங்களும் எங்கே நிறுத்தணும்ங்கிற தொகையை, ஷூட்டிங் தொடங்கறதுக்கு முன்னாடியே ஒரு பேப்பர்ல எழுதி வெச்சுடறது நல்லது. நடுராத்திரி, ஜெனரேட்டர் ஓடிட்டிருக்கும்போது, அந்தத் தொகையை யாராலும் நிதானமா யோசிக்க முடியாது.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.