வெளிப்புற உருவப்படங்களில் சூரிய ஒளியை வடிவமைத்தல்

வெளிப்புற உருவப்படங்களில் சூரிய ஒளியை வடிவமைத்தல் என்பது, திறந்த வெளியில் ஒருவரைப் படமெடுக்கும்போது அவர் முகத்தில் விழும் இயற்கை ஒளியின் மென்மை, திசை, அளவு, நிறம் ஆகியவற்றைத் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளும் முறையாகும். மணமக்கள் படங்கள், இதழ்களின் அட்டைப்படங்கள், அழகுப்பொருள் விளம்பரங்கள் ஆகியவற்றில் இம்முறை பெரிதும் பயன்படுகிறது. சூரியனை நகர்த்த இயலாது. ஆனால் படமெடுக்கும் நேரம், நிற்கும் இடம், முகத்தின் திசை, சூரியனுக்கும் முகத்துக்கும் இடையில் வைக்கும் பொருள் ஆகிய நான்கும் படமெடுப்பவரின் கையில் உள்ளன.

வன்மையான ஒளியும் மென்மையான ஒளியும்

ஒளி தரும் பரப்பு, முகத்திலிருந்து பார்க்கையில் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறதோ அவ்வளவு மென்மையாக நிழல் விழும். சூரியனின் விட்டம் ஏறத்தாழ 14 லட்சம் கி.மீ. ஆயினும் அது சுமார் 15 கோடி கி.மீ. தொலைவில் இருப்பதால், வானில் அரைப் பாகை அகலமே தெரிகிறது. எனவே நேரடி வெயில் கூர்மையான விளிம்புள்ள நிழலைத் தருகிறது. தோலிலுள்ள நுண்துளை, சுருக்கம், பரு ஒவ்வொன்றும் தனித்தனியே நிழல் வீசுவதால் அவை மிகையாகத் தெரிகின்றன. மேகம் மூடிய நாளில் வானம் முழுவதுமே ஒளி தரும் பரப்பாகிவிடுகிறது. அப்போது நிழல்கள் மங்கி, தோல் சீராகத் தோன்றுகிறது.

வரலாறு

மின்விளக்கு பரவுவதற்கு முன், 19-ஆம் நூற்றாண்டின் ஒளிப்பட நிலையங்கள் கண்ணாடிக் கூரையும் திரைச்சீலைகளும் கொண்டிருந்தன. திரையை இழுத்தும் விலக்கியும் பகலொளியைக் கட்டுப்படுத்தினர். 1863-இல் ஒளிப்படக் கருவியைப் பரிசாகப் பெற்ற ஜூலியா மார்கரெட் கேமரன், இங்கிலாந்தின் வைட் தீவில் கோழிக்கூடமாக இருந்த கண்ணாடிக் கூடத்தில் பல உருவப்படங்களை எடுத்தார். 1875-இல் இலங்கைக்குக் குடிபெயர்ந்த அவர், 1879-இல் அங்கேயே காலமானார். இந்தியத் திரைப்படத்தில், 1956-இல் வெளியான ‘அபராஜிதோ’வுக்காக ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா, விளக்கொளியை வெள்ளைத் துணியில் மோதவிட்டுத் திருப்பி, காசி வீட்டு முற்றத்தின் பகலொளியை அரங்கிற்குள் உருவாக்கினார். தமிழில் இயற்கை ஒளியைப் பெரிதும் பயன்படுத்தியவராக பாலு மகேந்திரா அறியப்படுகிறார்.

நேரமும் சூரியனின் உயரமும்

சூரியன் உச்சியில் இருக்கும்போது கண்குழி, மூக்கின் அடி, மோவாயின் அடி ஆகிய இடங்களில் கருநிழல் விழும். வெப்பமண்டலத்தில் இச்சிக்கல் ஆண்டு முழுவதும் உண்டு. சென்னையில் ஏப்ரல் பிற்பகுதியிலும் ஆகஸ்ட் நடுப்பகுதியிலும் நண்பகல் சூரியன் தலைக்கு நேர் மேலே வருகிறது. டிசம்பரில்கூட நண்பகலில் அது சுமார் 53 பாகை உயரத்தில் நிற்கிறது. லண்டனில் அதே நாளில் அது ஏறத்தாழ 15 பாகைதான். ஆகவே குளிர்கால நண்பகலிலும் தாழ்வான வெயில் கிடைக்கும் நாடுகளில் எழுதப்பட்ட அறிவுரைகள் நமக்கு அப்படியே பொருந்துவதில்லை. இங்குச் சூரியன் செங்குத்தாக விரைந்து ஏறுவதால், பொன்னிற ஒளி கிடைக்கும் காலை, மாலைப் பொழுதுகளும் குறுகியவை.

திறந்த நிழல்

மேலே கூரை, எதிரே திறந்த வானம் என அமைந்த இடம் திறந்த நிழல் எனப்படும். திண்ணை, வாசல், கட்டடத்தின் நிழல் ஓரம் ஆகியன எடுத்துக்காட்டுகள். நிழலின் உட்புறத்தில் நிற்பதைவிட, ஓரத்துக்கு அருகில் வானத்தை நோக்கி நிற்பதே நல்லது. அப்போது கண்களிலும் ஒளிப்புள்ளி தெரியும். மரத்தடியில் இலைகளின் ஊடே விழும் வெயில் முகத்தில் திட்டுத்திட்டாகப் படிவதையும், இலைகளின் பச்சை தோலில் ஏறுவதையும் கவனிக்க வேண்டும். நண்பகல் வெயிலின் நிறவெப்பநிலை சுமார் 5,500 கெல்வின். நீலவானத்தின் ஒளியே மிகுந்துள்ள நிழலில் அது 7,000 கெல்வினுக்கும் மேல் செல்லும். எனவே கேமராவின் வெள்ளைச் சமநிலையை நிழலுக்கு ஏற்ப மாற்றாவிட்டால் தோல் நீலம் பாய்ந்து தெரியும்.

கருவிகள்

ஒளிபரப்பும் திரை: சூரியனுக்கும் முகத்துக்கும் இடையில் பிடிக்கும் மெல்லிய வெள்ளைத் துணி. வண்ணக்கரை இல்லாத மெல்லிய வெள்ளை வேட்டியும் போதும். துணி முகத்துக்கு அருகில் இருக்க இருக்க ஒளி மென்மையாகும். தூரத்தை இரட்டித்தால் அதன் தோற்ற அகலம் ஏறத்தாழப் பாதியாகிவிடும். திரை முகத்தின் ஒளியை மட்டும் குறைப்பதால், வெயிலில் உள்ள பின்னணி வெளிறிவிடக்கூடும். நிழலான பின்னணியைத் தேர்ந்தெடுப்பது இதைத் தவிர்க்கும்.

ரிஃப்ளெக்டர்: ஒளியைத் திருப்பி அனுப்பும் பலகை. வெள்ளைப் பலகை மென்மையாகவும், வெள்ளிப் பலகை வலுவாகவும், பொன்னிறப் பலகை மஞ்சள் சாயலுடனும் ஒளியைத் திருப்பும். தெர்மாகோல் அட்டை எளிய வெள்ளை ரிஃப்ளெக்டர் ஆகும். அதை மிகத் தாழ்வாகப் பிடித்தால் நிழல்கள் மேல்நோக்கி விழுந்து முகம் இயல்பற்றுத் தோன்றும். வெள்ளிப் பலகையின் ஒளியை நேராகக் கண்ணில் பாய்ச்சக் கூடாது.

கறுப்புத் துணி: ஒளியை உறிஞ்சி, முகத்தின் ஒரு பக்கத்தில் நிழலைக் கூட்டும். மேகமூட்டத்தில் முகம் தட்டையாகத் தெரியும்போது இது உதவும்.

சூரியனை முதுகுப்புறம் வைத்து, முன்னிருந்து ரிஃப்ளெக்டரால் முகத்தை நிரப்புவதும் வழக்கமான முறை. இதில் தலைமுடியின் ஓரம் ஒளிரும். எனினும் லென்சுக்குள்ளே நேரடி வெயில் புகாமல் மறைக்க வேண்டும். கண்ணாடி வழியே காட்சி காட்டும் கேமராக்களில் சூரியனை நேராகப் பார்ப்பது கண்ணுக்குத் தீங்கு.

ஒளி அளவும் தோல் நிறமும்

தெளிவான வெயிலில் ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/125 நொடி, துளை எஃப்/16 என்பது பழைய நடைமுறை விதி. திறந்த நிழலில் ஒளி ஏறத்தாழ எட்டில் ஒரு பங்காகக் குறைவதால் துளை எஃப்/5.6 வரை விரிக்கப்படும்.

கேமராவின் தானியங்கி அளவி, எதிரே உள்ளது நடுத்தரச் சாம்பல் நிறம் என்று கருதிக் கணக்கிடுகிறது. எனவே கருநிற முகம் சட்டத்தை நிரப்பினால் அதை வெளுப்பாக்குகிறது. பின்னே பளிச்சென்ற வானம் இருந்தால் அதே முகத்தை இருளாக்குகிறது. இரண்டிலும் மனிதரின் உண்மையான நிறம் மறைகிறது. வண்ணப் படச்சுருள் காலத்தில் அச்சகங்கள் நிறச் சரிபார்ப்புக்குப் பயன்படுத்திய ‘ஷெர்லி அட்டை’யில் பல பத்தாண்டுகள் வெள்ளைத்தோல் பெண்களின் படமே இருந்தது என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது. இன்று, முகத்தில் விழும் ஒளியை நேரடியாக அளக்கும் கைமானி தோல் நிறத்தைச் சார்ந்திராத அளவைத் தருகிறது.

கருநிறத் தோலின் வடிவத்தைப் பெரும்பாலும் அதன் மீதுள்ள மினுமினுப்பே காட்டுகிறது. நேரடி வெயில் அதில் சிறு வெண்புள்ளிகளை உண்டாக்கும். அகன்ற திரை வழியே வரும் ஒளியோ நெற்றியிலும் கன்னத்திலும் பரந்த மென்பளபளப்பைத் தரும். ஆகவே அத்தகைய முகத்துக்குத் தேவை மேலும் அதிக ஒளி அன்று, மேலும் பெரிய ஒளிப்பரப்பு. முகத்தை வெளுக்கச் செய்வது ஒளி வடிவமைப்பின் நோக்கமன்று.

எளிய செய்முறை

ஒரு முட்டையை நண்பகல் வெயிலில் மேசை மீது வைத்து அதன் நிழலைப் பார்க்கவும். அதற்கு மேல் வெள்ளைக் கைக்குட்டையை ஒரு சாண் உயரத்தில் விரித்துப் பிடிக்கவும். நிழலின் ஓரம் கரைவது தெரியும். கைக்குட்டையை மெல்ல உயர்த்தினால் ஓரம் மீண்டும் கூர்மையாகத் தொடங்கும். பிறகு ஒரு பக்கம் வெள்ளைத் தாளையும், மறுபக்கம் கறுப்புத் தாளையும் நிறுத்தி முட்டையின் இரு பக்கங்களையும் ஒப்பிடலாம். முகத்தின் மீதும் இவை இவ்வாறே செயல்படுகின்றன.