திரையில் 100 மீட்டர்... தரையிலிருந்து எவ்வளவு?
ட்ரோன் வாங்கியவர்களுக்கு ஓர் உயரக் கணக்கு

டிஜிட்டல் கேமரா, மொபைல் போன் என்ற வரிசையில் இப்போது ட்ரோனும் வீடுகளுக்குள் வந்துவிட்டது. திருநெல்வேலியில் கல்யாண வீடியோ எடுப்பவர்கள் மட்டுமின்றி, கல்லூரி மாணவர்களும் விவசாயிகளும்கூட இதனை வாங்கத் தொடங்கியுள்ளனர். வாங்கியவுடன் என்னிடம் வந்து அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "சார், இது எவ்வளவு உயரம் போகும்?" என்பதுதான். எவ்வளவு உயரம் போகலாம், அந்த உயரத்தை எங்கிருந்து அளப்பது என்று கேட்பவர்கள் மிகக் குறைவு.

தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் ட்ரோன் பறக்கவிடுபவர்களுக்கு இந்த இரண்டாவது கேள்வி மிக முக்கியம். திருநெல்வேலி நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 50 மீட்டர் உயரத்தில் உள்ளது. மேற்கே 60 கிலோ மீட்டருக்குள் அகத்தியமலை 1,868 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. மணிமுத்தாறு அடிவாரத்திலிருந்து மாஞ்சோலை செல்லும் சாலை ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறுகிறது. இடையில் பாறைக் குன்றுகள், கோபுரங்கள், காற்றாலைகள், உயர் அழுத்த மின் கோபுரங்கள் எனப் பல உள்ளன. இப்படிப்பட்ட நிலப்பரப்பில் திரையில் தெரியும் உயரத்தை அப்படியே நம்பிவிடக் கூடாது. ஏன் என்று பார்க்கலாம்.

விதி என்ன சொல்கிறது?

இந்தியாவில் ட்ரோன் விதிகள் 2021ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் வெளியிடப்பட்டன. அடுத்த மாதமே நாட்டின் வான்வெளியைப் பச்சை, மஞ்சள், சிவப்பு எனப் பிரித்துக் காட்டும் வரைபடம் டிஜிட்டல் ஸ்கை தளத்தில் தரப்பட்டது.

பச்சை மண்டலத்தில் 120 மீட்டர், அதாவது 400 அடி உயரம் வரை பறக்கத் தனியாக அனுமதி கேட்க வேண்டியதில்லை. அதற்கு மேல் சென்றால் அதே இடம் மஞ்சள் மண்டலமாகிவிடும். அங்கே பறக்க, வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதி வேண்டும். விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோ மீட்டர் வரையுள்ள பகுதியில் இந்த வரம்பு 60 மீட்டராகக் (200 அடி) குறைகிறது. அதைவிட நெருங்கினால் தரையிலிருந்தே அனுமதி தேவை. நம் பகுதியில் இதற்காக நாம் கவனிக்க வேண்டியது வாகைக்குளத்தில் உள்ள தூத்துக்குடி விமான நிலையம். சிவப்பு மண்டலத்தில் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் பறக்கவே கூடாது. விதிகளை மீறினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமுண்டு.

சில பழைய கையேடுகளில் சிறிய ட்ரோனுக்கு 50 அடி, அடுத்த ரகத்துக்கு 200 அடி என்று எழுதியிருப்பதைப் பார்க்கலாம். அவை 2021 ஆகஸ்டுக்கு முந்தைய விதிகள். அவற்றை இப்போது பின்பற்ற வேண்டியதில்லை.

ஏன் 120 மீட்டர் என்ற கேள்வி எழலாம். பயணிகள் விமானமும் ஹெலிகாப்டரும் ஏறி இறங்கும் இடங்களைத் தவிர்த்து, பொதுவாக 500 அடிக்கு மேல்தான் பறக்கும். ட்ரோன் 400 அடிக்குள் நின்றால் இரண்டுக்கும் நடுவே 100 அடி இடைவெளி கிடைக்கிறது. ஆனால் ஆபத்துக் காலங்களில் இந்த இடைவெளி இருக்காது. 2023 டிசம்பர் பெருமழையின்போது திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் ஹெலிகாப்டர்கள் மிகவும் தாழப் பறந்து உணவுப் பொட்டலங்களைப் போட்டன. அப்படிப்பட்ட நேரத்தில், "வெள்ளத்தைப் படம் எடுக்கிறேன்" என்று 50 மீட்டரில் பறக்கும் ட்ரோனும் உயிருக்கு ஆபத்துதான். மீட்புப் பணி நடக்கும் இடத்தில் ட்ரோனைப் பெட்டியிலேயே வைத்துவிடுங்கள்.

ட்ரோன் உயரத்தை எப்படி அறிகிறது?

பெரும்பாலான வீட்டு ட்ரோன்களில் காற்றழுத்தத்தை அளக்கும் பாரோமீட்டர் சிப் ஒன்று உள்ளது. மேலே செல்லச் செல்லக் காற்றழுத்தம் குறையும். சுமார் 8 மீட்டர் ஏறினால் ஒரு மில்லிபார் குறைகிறது. ட்ரோன் கிளம்பும் இடத்தின் அழுத்தத்தைப் பூஜ்யம் மீட்டர் என்று வைத்துக்கொண்டு, அதிலிருந்து எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதைக் கணக்கிட்டுத் திரையில் காட்டும். எனவே நீங்கள் பார்க்கும் எண், புறப்பட்ட இடத்திலிருந்து உள்ள உயரம். ட்ரோனுக்கு நேர் கீழே உள்ள தரை மேடா பள்ளமா என்பது அதற்குத் தெரியாது.

அடியில் சென்சார் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. ஆனால் வீட்டு ட்ரோன்களில் அது தரையிறங்கும்போது உதவுவதற்காக வைக்கப்பட்டது. சில மீட்டர் தொலைவுக்கு மேல் அதனை நம்ப முடியாது.

ஜி.பி.எஸ். உயரத்தைப் பார்த்துக்கொள்ளலாமா? அதில் ஒரு வேடிக்கை உள்ளது. ஜி.பி.எஸ். கணக்கிடுவது கடல் மட்டத்திலிருந்து உள்ள உயரத்தை அல்ல. பூமிக்கு ஒரு சீரான முட்டை வடிவத்தைக் கற்பனை செய்து, அதன் மேற்பரப்பிலிருந்து உள்ள உயரத்தை. இந்தியாவுக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் பூமியின் ஈர்ப்பு சற்றுக் குறைவு. அதனால் அங்கே உண்மையான கடல் மட்டம் அந்தக் கற்பனை வடிவத்தைவிட 100 மீட்டருக்கு மேல் தாழ்ந்திருக்கிறது. உலகிலேயே இந்தத் தாழ்வு மிக அதிகமாக உள்ள இடம் அதுதான். நம் தென் தமிழகம் அதன் ஓரத்தில் உள்ளது. திருத்தம் செய்யாத ஜி.பி.எஸ். எண்ணைத் திருநெல்வேலியில் நின்று பார்த்தால், நாம் கடலுக்கு அடியில் நிற்பது போல மைனஸ் குறியுடன் வரலாம். சாதனத்தில் கோளாறு என்று பயப்பட வேண்டாம்.

குன்றின் மேலிருந்து ஒரு கணக்கு

பாறைக் குன்று ஒன்று சுற்றியுள்ள தரையைவிட 70 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் நிலை: அடிவாரத்திலிருந்து கிளம்பி, திரையில் 60 மீட்டர் என்று காட்டும்போது குன்றை நோக்கிச் செலுத்துகிறீர்கள். திரையில் 60 இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்தால், ட்ரோன் குன்றின் உச்சிக்கு 10 மீட்டர் கீழே பாறையில் மோதும்.

இரண்டாவது நிலை: குன்றின் உச்சியிலிருந்து கிளம்பி, திரையில் 80 மீட்டருக்கு ஏற்றி வயல் பக்கம் செலுத்துகிறீர்கள். 120க்குள்தானே இருக்கிறது என்று தோன்றும். ஆனால் வயலிலிருந்து ட்ரோன் இப்போது 150 மீட்டர் உயரத்தில் உள்ளது. விதி மீறப்பட்டுவிட்டது. இங்கே திரையில் 50 மீட்டர்தான் உங்கள் வரம்பு.

கணக்கு எளிது. புறப்படும் இடத்தின் உயரத்திலிருந்து ட்ரோனுக்குக் கீழே உள்ள தரையின் உயரத்தைக் கழியுங்கள். வரும் எண்ணை 120இலிருந்து கழியுங்கள். மீதிதான் திரையில் தெரியலாம் என்ற அதிகபட்ச எண். போகும் வழியில் எந்த இடம் மிகவும் தாழ்வாக இருக்கிறதோ, அதை வைத்துக் கணக்கிட்டால் முழுப் பயணத்துக்கும் பாதுகாப்பு.

கம்ப்யூட்டரில் முன்கூட்டியே பார்த்துவிடலாம்

தரையின் உயரத்தை அறிய மலை ஏற வேண்டியதில்லை. கூகுள் எர்த் ப்ரோ என்ற இலவச புரோகிராம் போதும். இதனை டவுன்லோட் செய்து, கம்ப்யூட்டரில் இன்ஸ்டால் செய்து கொள்ளுங்கள். பின்னர் கீழ்க்கண்டவாறு செயல்படவும்.

1. டூல்ஸ் மெனுவில் ஆப்ஷன்ஸ் பிரிவைத் திறந்து, 3டி வியூ டேபில் அளவை மீட்டர், கிலோ மீட்டர் என மாற்றவும்.

2. தேடல் கட்டத்தில் ஊர் பெயரை டைப் செய்து என்டர் தட்டவும். இடம் தெரிந்தவுடன் மவுஸின் கர்சரை நகர்த்துங்கள். விண்டோவின் அடியில் "எலிவ்" என்ற சொல்லுக்கு அருகில், கர்சர் நிற்கும் இடத்தின் தரை உயரம் தெரியும். அதன் பக்கத்தில் "ஐ ஆல்ட்" என ஓர் எண் இருக்கும். அது நீங்கள் பார்க்கும் கோணத்தின் உயரம். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

3. ஆட் மெனுவில் பாத் என்பதைத் தேர்ந்தெடுக்கவும். புறப்படும் இடத்தில் ஒரு கிளிக், ட்ரோன் செல்ல வேண்டிய இடத்தில் ஒரு கிளிக். பெயர் கொடுத்து ஓகே செய்திடவும்.

4. இடது பக்கப் பட்டியலில் அந்தப் பெயரில் ரைட் கிளிக் செய்து, ஷோ எலிவேஷன் ப்ரொஃபைல் என்பதைக் கிளிக் செய்திடவும். வழி முழுவதும் உள்ள மேடு பள்ளம் ஒரு வரைபடமாகக் கீழே விரியும். அதில் மிக உயர்ந்த இடத்தையும் மிகத் தாழ்ந்த இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இங்கு கிடைப்பது தரையின் உயரம் மட்டுமே. பனை மரம், செல்போன் டவர், கோபுரம் ஆகியவற்றை நீங்கள்தான் கூட்டிக்கொள்ள வேண்டும். சில மீட்டர் முன்பின் இருக்கலாம் என்பதால் நான் எப்போதும் 20 மீட்டர் கூடுதலாக வைத்துக்கொள்கிறேன்.

உயரமான கட்டடம் இருந்தால் சலுகை உண்டா?

அமெரிக்காவில் உரிமம் பெற்றுப் பறக்கவிடுபவர்களுக்கு ஒரு சலுகை உள்ளது. ஒரு கட்டடத்தைச் சுற்றி 400 அடிக்குள் பறந்தால், அந்தக் கட்டடத்தின் உச்சிக்கு மேலும் 400 அடி வரை போகலாம். ஐரோப்பாவில் 105 மீட்டருக்கு மேற்பட்ட கட்டமைப்பு என்றால், அதன் பொறுப்பாளர் கேட்டுக்கொண்டால், 50 மீட்டர் நெருக்கத்தில் அதன் உச்சிக்கு மேல் 15 மீட்டர் வரை செல்லலாம். இந்திய விதிகளில் இப்படி ஒரு சலுகை எழுதப்படவில்லை. எனவே வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டு, "கட்டடம் இருந்தால் கணக்கு மாறும்" என்று இங்கே நினைக்கக் கூடாது.

நம் பகுதியில் இதற்கு நல்ல உதாரணம் காற்றாலைகள். பழைய காற்றாலைகள் சிறியவை. ஆனால் இன்று நிறுவப்படும் பெரிய காற்றாலைகளில் இறக்கையின் நுனி 150 மீட்டரைத் தாண்டுகிறது. அதாவது உங்கள் ட்ரோனின் சட்டபூர்வமான உயரத்தைவிடக் காற்றாலை உயரம். மேலே தாண்டிச் செல்ல வழியில்லை. விலகித்தான் செல்ல வேண்டும். சுழலும் இறக்கைக்குப் பின்னால் காற்று வெகுதூரம் கலங்கியிருக்கும் என்பதால் நன்றாகவே விலகிச் செல்லுங்கள்.

மின் கோபுரங்களில் கோபுரத்தைவிடக் கம்பிதான் ஆபத்து. மெல்லிய கம்பியை ட்ரோனின் சென்சாரும் கேமராவும் பெரும்பாலும் பார்ப்பதில்லை. இரும்புக் கோபுரத்தை நெருங்கினால் திசைகாட்டியும் தடுமாறும். கோயில் கோபுரத்தை ஒட்டிப் பறந்தால் பாதி வானம் மறைந்து ஜி.பி.எஸ். சிக்னல் குறையும். நெல்லையப்பர் ஆனித் தேரோட்டம் போன்ற கூட்டத்தில், தலைகளுக்கு மேல் பறக்கவிடுவதை நினைத்தும் பார்க்க வேண்டாம்.

வேறு சில இடங்களில் எந்த உயரக் கணக்கும் உதவாது. விஜயநாராயணத்தில் உள்ள கடற்படையின் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் நிலையத்தில் நாட்டிலேயே மிக உயரமான, 471 மீட்டர் கோபுரங்கள் உள்ளன. கூடங்குளம் அணுமின் நிலையம், மகேந்திரகிரி இஸ்ரோ வளாகம் ஆகியவையும் இதே மாவட்டத்தில்தான். இவற்றின் பக்கம் ட்ரோனை எடுத்துச் செல்லாதீர்கள். பாபநாசம், மணிமுத்தாறு மேல்பகுதிகள் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தவை. அங்கு வனத்துறையின் அனுமதி இல்லாமல் பறக்கவிட முடியாது.

ரிட்டர்ன் டு ஹோம்: மறக்கக் கூடாத செட்டிங்

சிக்னல் துண்டித்தாலும் பேட்டரி குறைந்தாலும் ட்ரோன் தானாகவே புறப்பட்ட இடத்துக்குத் திரும்பும். முதலில் நீங்கள் செட் செய்த உயரத்துக்கு ஏறும். பிறகு நேர்கோட்டில் வரும். அந்த உயரம் 30 மீட்டர் என்று இருந்து, நடுவில் 70 மீட்டர் குன்று இருந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

எனவே ஒவ்வொரு முறையும் இதனை மாற்றி அமையுங்கள். குன்று 70 மீட்டர், அதன் மேல் டவர் 30 மீட்டர், பாதுகாப்புக்கு 20 மீட்டர் என்றால் மொத்தம் 120 மீட்டர் ஆகிறது. வரம்பைத் தொட்டுவிட்டோம். இதற்கு மேல் தேவைப்பட்டால், புறப்படும் இடத்தைக் குன்றின் மறுபக்கத்துக்கு மாற்றிக்கொள்வதே நல்லது.

காற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்கள் வழியாக மேற்கிலிருந்து பலத்த காற்று வீசும். உயரே செல்லச் செல்ல வேகம் கூடும். இந்த மாதங்களில் முதலில் மேற்கு நோக்கிச் செலுத்துங்கள். திரும்பும்போது காற்று உதவும்; பேட்டரியும் மிஞ்சும்.

பறக்கவிடும் முன்

* டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் இடத்தின் நிறத்தை அன்றைய தினமே பாருங்கள். நிறம் மாறக்கூடும்.
* ட்ரோனுக்கு யு.ஐ.என். எனப்படும் பதிவு எண் பெற்றுக்கொள்ளுங்கள்.
* ஒவ்வொரு முறையும் புறப்படும் இடத்தில் ட்ரோனை ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள். காலை பத்து மணி அளவில் கூடியிருக்கும் காற்றழுத்தம் மாலை நான்கு மணிக்குள் சில மில்லிபார் குறையும். பழைய பூஜ்யத்தை வைத்திருந்தால் பல மீட்டர் தவறு வரும்.
* தாழ்ந்த இடம், உயர்ந்த இடம், திரும்பும் உயரம் ஆகிய மூன்று எண்களையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ரிமோட்டில் ஒட்டிக்கொள்ளுங்கள்.
* ஹெலிகாப்டர் சத்தம் கேட்டால், அது எங்கே என்று தேடாமல், முதலில் ட்ரோனைக் கீழே இறக்குங்கள்.

இந்த வாரம் உங்கள் ஊரையே கூகுள் எர்த்தில் திறந்து, ஆற்றங்கரையிலிருந்து அருகிலுள்ள குன்று வரை ஒரு பாத் வரைந்து பாருங்கள். ட்ரோன் இன்னும் வாங்காதவர்களும் இதைச் செய்யலாம். தினமும் பார்க்கும் குன்று எத்தனை மீட்டர் என்பது தெரிந்துவிட்டால், பிறகு கணக்கு தானாகவே வந்துவிடும்.