மலிவு ஒலிபெருக்கி வாங்கலாமா?

எங்கள் தையல் நிலையத்துக்கு ஒருவர் தமது பழைய ஐபொட்டைத் தந்திருந்தார். பாடல்களும் உடல்நலப் பேச்சுகளும் அதில் இருந்தன. எல்லோரும் கேட்க ஒலிபெருக்கி வேண்டும். சேர்த்த பணமோ சொற்பம். பழைய பொருள் விற்கும் கடையிலிருந்து மலிவான ஒன்றை இரண்டு நாள் இரவலாகக் கொண்டுவந்தேன்.

அதிலுள்ள 30 முனைச் செருகியில் எங்கள் ஐபொட் பொருந்தியது. ஆனால் 2012இல் அப்பிள் நிறுவனம் செருகியை மாற்றிவிட்டது. பிறகு வந்தவை இதில் ஏறா. ஆகவே 3.5 மில்லிமீற்றர் துளை உண்டா என்று பார்த்தேன். இருந்தது. வயர் போட்டு வானொலியையும் கைத்தொலைபேசியையும் இணைக்கலாம்.

தவில் ஒலி தகரத்தில் தட்டியதுபோல் கேட்டது. இவ்வளவு சிறிய கூம்பு தாழ்ந்த ஒலியை எழுப்பாது. பேச்சுக்கு அது அவ்வளவாகத் தேவையுமில்லை.

ஷெல் வெடித்து இடக்காது மந்தமான அக்கா ஒருவர் எங்களிடம் தைக்கிறார். உண்மையில் அவருக்காகத்தான் இந்தச் சோதனை. மெசின்கள் ஓடும்போது சத்தத்தை முழுதாகக் கூட்டினேன், கரகரத்தது. பாதியாகக் குறைத்து, அவரது வலப்பக்க மேசையில் வைத்தேன்.

"பாட்டுக் கிடக்கட்டும் பிள்ளை, கதைக்கிறது விளங்குது" என்றார்.

வாங்கிவிட்டோம். பற்றரிச் செலவுதான் கடிக்கிறது. மின்சாரம் உள்ள நேரத்தில் வயரில் போடுகிறோம்.