வாசிக்க ஒரு ஆள் வேண்டும்

ஜப்பானில் நூறு பழங்கவிதைகளைப் பெட்டியில் போட்டு விற்கிறார்கள். 13ஆம் நூற்றாண்டில் ஃபுஜிவாரா நோ தெய்க்கா தொகுத்த ‘ஹியாகுனின் இஷ்ஷு’தான் அது. நூறு கவிஞர்கள், ஆளுக்கு ஒரு பாட்டு. புத்தகமாகவும் கிடைக்கும். ஆனால் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்குள் அது பெரும்பாலும் இருநூறு சீட்டுகளாகத்தான் நுழைகிறது. வீடியோ விளையாட்டால் உலகறிந்த கியோத்தோ நிறுவனம் ஒன்று இன்றைக்கும் அந்தச் சீட்டுகளைப் போடுகிறது.

புத்தாண்டு விடுமுறையில் பெட்டி திறக்கும். ஒவ்வொரு பாட்டும் 31 எழுத்து: மேற்பாதி 5-7-5, கீழ்ப்பாதி 7-7. கீழ்ப்பாதி மட்டும் எழுதிய நூறு சீட்டுகளைப் பாயில் பரப்பிச் சுற்றி உட்காருவார்கள். முழுப் பாட்டும் கவிஞர் படமும் உள்ள மற்ற நூறும் ஒருவர் கையில். அவர் ராகம் இழுத்து முதலிலிருந்து வாசிப்பார். கீழ்ப்பாதி வரட்டும் என்று காத்திருந்தால் தோல்விதான். ‘மு’ என்று தொடங்கும் பாட்டு நூற்றில் ஒன்றே ஒன்று. அந்த ஓரெழுத்து காதில் விழுந்ததுமே கை பாய வேண்டும். இப்படி ஓரெழுத்தில் பிடிபடுபவை ஏழு. ஆறெழுத்து கேட்டால்தான் இன்ன பாட்டு என்று நிச்சயமாகும் வகையில் ஆறு. எட்டு வயதுத் தம்பி இதையெல்லாம் நெட்டுருப் போடுவது அக்காவை ஜெயிப்பதற்காக. மனப்பாடத்துக்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

எழுத்துக்கூட்டத் தெரியாத வாண்டுகளுக்குத் தனி ஆட்டம். படச் சீட்டுகளைக் கவிழ்த்து அடுக்கி ஆளுக்கொன்றாக எடுக்க வேண்டும். சாதாரண ஆண் வந்தால் கையில் வைத்துக்கொள்ளலாம். மொட்டைத் துறவி வந்தால் கையிலிருப்பது அத்தனையும் போச்சு. பெண் வந்தால் கீழே குவிந்ததெல்லாம் எடுத்தவருக்கே. செமிமாரு என்ற கவிஞர் தலையை மூடியிருப்பார். அவரைத் துறவிக் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்பது வீட்டுக்கு வீடு வேறு சட்டம். சண்டைக்கும் அவரே காரணம்.

நூற்றில் 43 காதல் பாட்டு. வராதவனுக்காக விடியவிடிய விழித்திருக்கும் ஏக்கமெல்லாம் உண்டு. ஆறு வயதுப் பிள்ளை அதை வாய் நிறையச் சொல்கிறது. பொருள், பள்ளியில் பழைய இலக்கியம் படிக்கும் வயதில் வந்து சேரும். பொருளைக் குழைத்து ஊட்டாமல் ஓசையை மட்டும் கையில் கொடுத்துவிடும் இந்த வழக்கத்தின் பக்கம்தான் நான்.

தொலைக்காட்சிக்குப் பிடித்ததோ போட்டி ஆட்டம். ஒவ்வொரு ஜனவரியிலும் ஓட்சு நகரின் ஓமி கோயிலில் பட்டப் போட்டி நடக்கும். கைவீச்சில் சீட்டு பறக்கும். 2007 முதல் 2022 வரை தொடராக வந்த ‘சிஹாயாஃபுரு’ படக்கதை, இளைஞர்களை இந்த ஆட்டத்தின் பக்கம் இழுத்து வந்தது. அது நன்றாகவே இருக்கட்டும். என் கவலை வீட்டுப் பாயைப் பற்றியது.

இந்த ஆட்டத்துக்குக் குறைந்தது மூன்று பேர் வேண்டும்: போட்டியிட இருவர், வாசிக்க ஒருவர். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஜப்பானில் ஒரு வீட்டுக்குச் சராசரி 2.21 பேர். ஏறத்தாழ நூற்றுக்கு 38 வீடுகளில் ஒரே ஆள். ஒற்றைப் பிள்ளையும் அம்மாவும் இருக்கும் வீட்டில் அம்மா வாசித்தால் பிள்ளை யாரோடு போட்டியிடும்? தாத்தா பாட்டி இருப்பது இன்னொரு ஊரில்.

வாசிக்கும் வேலையைக் குறுந்தட்டுகள் எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டன. இப்போது கைப்பேசிச் செயலிகளும் செய்கின்றன. தேர்ந்த குரல், பிழையில்லாத உச்சரிப்பு, நள்ளிரவிலும் சலிக்காமல் வாசிக்கும். தனியாக இருக்கும் பிள்ளைக்கு அதுவாவது கிடைக்கிறதே என்பார்கள், சரிதான்.

ஆனால் வாசிக்கிற பாட்டி பாயைப் பார்த்துக்கொண்டே வாசிப்பாள். கடைக்குட்டிக்குத் தெரிந்தது ஒரே பாட்டு, அந்தச் சீட்டு அவன் முழங்காலுக்கு அருகில் கிடக்கிறது என்பது அவளுக்குத் தெரியும். அந்தப் பாட்டு வரும்போது ஐந்தாம் எழுத்தில் இன்னும் கொஞ்சம் இழுப்பாள். பெரியவன் கத்துவான், பாட்டி காதில் வாங்க மாட்டாள். செயலிக்கு எல்லாரும் ஒரே வயது. அதோடு, வாசிப்பவருக்குப் புள்ளி கிடையாது. ஜெயிக்கும் ஆசையை விட்டுக்கொடுத்து இரண்டு மணிநேரம் தொண்டை வறள உட்கார ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும். கவிதையைப் பிள்ளைகளிடம் சேர்த்தது அந்த ஆள்தான் என்பது என் கட்சி.

ஹொக்கைடோ தீவில் மரச்சீட்டில் ஆடுவார்கள். கீழ்ப்பாதியை மட்டுமே வாசிப்பார்கள், அணிக்கு மூன்று பேர். வாசிப்பவரோடு மொத்தம் ஏழு. அந்த 2020 சராசரிப்படி மூன்று வீட்டை ஒன்றாகக் கூட்டினாலும் 6.63தான் தேறும்.