மணலில் வீட்டை இழுத்துச் செல்லுதல்

நம் நாட்டில் டிரெய்லர் என்றதும் நினைவுக்கு வருவது, கிள்ளான் துறைமுகத்திலிருந்து கொள்கலன் ஏற்றி வரும் நீண்ட லோரிதான். மகிழுந்தின் பின்னால் ஒரு சிறு வண்டி இழுபட்டுப் போவதை இங்கு அபூர்வமாகவே காண்கிறோம். ஆஸ்திரேலியாவில் நிலைமை வேறு. பள்ளி விடுமுறை தொடங்கினால் போதும், நான்கு சக்கர இயக்க வாகனத்தின் பின்னால் கேம்பர் டிரெய்லரை மாட்டிக்கொண்டு குடும்பம் குடும்பமாகக் காட்டுக்கும் கடற்கரைக்கும் புறப்பட்டு விடுகிறார்கள். கேம்பர் டிரெய்லர் என்பது மடித்து வைத்த ஒரு வீடு. மூடியைத் திறந்தால் கித்தான் கூடாரம் விரியும். படுக்கை, அடுப்பு, குளிர்பெட்டி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். சாமான்களோடு சேர்த்து ஒரு டன் முதல் ஒன்றரை டன் வரை எடை வருவது சாதாரணம்.

இதை நம் ஆண்டு மலரில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. மேற்படிப்புக்கும், 'வேலையும் விடுமுறையும்' விசாவிலும் ஆஸ்திரேலியா செல்லும் மலேசிய இளையோர் பலர். அங்கே நான்கு நண்பர்கள் சேர்ந்து ஒரு பழைய வண்டியையும் டிரெய்லரையும் வாங்கிக் கடற்கரைக்குப் போவது நடக்கிற காரியம். மணலில் ஓட்டிப் பழகாத நம்மைப் போன்றவர்களுக்கு அங்கு காத்திருக்கும் ஆபத்து எது என்பதைப் பலரும் சொல்வதில்லை.

நான் சொல்லப் போகும் இடம் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் இருக்கிறது. உலகின் மிகப் பெரிய மணல் தீவு அது. 1992-இல் உலகப் பாரம்பரியத் தலமாகப் பட்டியலிடப்பட்டது. நெடுங்காலம் ஃபிரேசர் தீவு என்று வழங்கி, 2023-இல் 'கரி' என்ற தன் பழைய பெயரை அதிகாரபூர்வமாகத் திரும்பப் பெற்றது. நம் காதில் அடுப்புக்கரியாக ஒலித்தாலும், அம்மண்ணின் புட்சுல்லா மக்களுக்கு அச்சொல் சொர்க்கத்தைக் குறிக்கும். தீவின் கிழக்குக் கரையில் 'எழுபத்தைந்து மைல் கடற்கரை'தான் நெடுஞ்சாலை. சாலை விதிகள் அங்கும் செல்லும். வேக வரம்பு மணிக்கு 80 கிலோமீட்டர். சிறு விமானங்களும் அதே மணலில் இறங்கும். இன்ஸ்கிப் முனையில் ஃபெரி ஏறித்தான் பலரும் தீவுக்குப் போகிறார்கள். அந்த ஃபெரிக்குப் போகும் சில நூறு மீட்டர் மணலிலேயே புதைந்து நிற்கும் வண்டிகளும் உண்டு.

தனியாக ஓடும்போது அதே மணலில் சிரமமின்றிப் போன வண்டி, டிரெய்லரை மாட்டியதும் ஏன் புதைகிறது? எஞ்சினுக்குப் பலம் போதவில்லை என்றுதான் முதலில் தோன்றும். பிரிஸ்பேனில் குடியேறிவிட்ட என் பெரியம்மா மகனிடம் இதைக் கேட்டபோது, "எஞ்சினப் பத்திக் கவலப்படாத லா, டயரப் பாரு" என்றார். இயந்திரவியல் படிக்கும் எனக்கு அந்த ஒரு வரியில் பாதிப் பாடம் இருந்தது.

வண்டியின் நான்கு சக்கரங்களும் எஞ்சினின் விசையால் சுழல்கின்றன. டிரெய்லரின் இரண்டு சக்கரங்களுக்கு அந்த விசை கிடையாது. அவை இழுத்தால் உருளும், அவ்வளவே. கெட்டியான தார்ச்சாலையில் இது ஒரு பொருட்டே அல்ல. மணலில் சக்கரம் சற்றே அமிழ்ந்ததும் அதன் முன்னால் ஒரு சிறு மேடு உருவாகிறது. சக்கரம் அந்த மேட்டை ஏற வேண்டும். ஏறுவதற்குள் அடுத்த மேடு தயார். ஆகவே சமதளமாகத் தெரியும் கடற்கரையில் டிரெய்லர் எப்போதும் மேடு ஏறிக்கொண்டே இருக்கிறது. அந்த மேட்டைத் தாழ்த்துவதுதான் மணலில் இழுக்கும் கலையின் சாரம்.

மேட்டைத் தாழ்த்த முதல் வழி டயரின் காற்றைக் குறைப்பது. இடைநிலைப்பள்ளி இயற்பியலில் 'தெக்கானான்' என்று மலாயில் மனனம் செய்தோமே, அந்த அழுத்தம்தான். ஒரு சக்கரத்தின் மேல் 600 கிலோ பாரம் இருப்பதாகக் கொள்வோம். 36 பி.எஸ்.ஐ. காற்றில் டயர் தரையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய 240 சதுர சென்டிமீட்டர். ஏ4 தாளில் பாதிகூட இல்லை. காற்றை 18-ஆகக் குறைத்தால் அது சுமார் 480 ஆகும். டயரின் பக்கச் சுவரும் கொஞ்சம் பாரத்தைத் தாங்குவதால் கணக்கு இம்மியும் பிசகாமல் வராது. ஆனாலும் விஷயம் விளங்கும். டயர் அகலமாகிறது என்றே பலர் நினைக்கிறார்கள். உண்மையில் தடம் நீளமாகிறது, புல்டோசரின் சங்கிலித் தடம் போல. பரப்பு கூடினால் அமிழ்வது குறையும், மேடும் தாழும்.

மணலுக்கு 18 முதல் 20 பி.எஸ்.ஐ. வரை வைத்துத் தொடங்குவது வழக்கம். மாட்டிக்கொண்டால் 15 வரை இறக்கலாம். அதற்கும் கீழே போனால் திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். ஃபெரித்துறையில் பார்த்தால், வண்டியின் நான்கு டயர்களிலும் பொறுமையாகக் காற்றை இறக்கிவிட்டு, டிரெய்லரின் டயர்களை அப்படியே விட்டுவிடுகிறவர்கள் சிலராவது இருப்பார்கள். தாமாகச் சுழலாத அந்த இரண்டு சக்கரங்களுக்குத்தான் இது முக்கியம். அவற்றை விட்டால் பின்னால் நங்கூரம் கட்டி ஓட்டுவது போலாகும்.

இன்னொன்று, டிரெய்லரின் இரு சக்கரங்களுக்கு இடையிலான தூரம் வண்டியின் சக்கரங்களுக்கு இடையிலான தூரத்தோடு பொருந்த வேண்டும். முன் சக்கரங்கள் மணலை அழுத்திக் கெட்டியாக்கிப் போட்ட தடத்திலேயே பின்வருவனவும் உருண்டால் உழைப்பு மிச்சம். ஒரு சாண் வித்தியாசம் இருந்தாலும் டிரெய்லர் தனக்கென்று புதுத் தடம் உழ வேண்டியிருக்கும்.

பாரம் ஏற்றுவது பற்றி நம் தாத்தாக்களுக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. மாட்டுவண்டியில் முன்பாரம் கூடினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அமுக்கும், பின்பாரம் கூடினால் வண்டி குடைசாயப் பார்க்கும். டிரெய்லருக்கும் அதே நியாயம். மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு முன்பாரம் இருக்க வேண்டும் என்பது ஆஸ்திரேலியாவில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. 1200 கிலோ டிரெய்லர் என்றால் 120 கிலோ. இதற்குக் குறைந்தால் வேகத்தில் டிரெய்லர் பாம்பு போல் நெளியும். மிகுந்தால் வண்டியின் பின் சக்கரங்கள் மணலுக்குள் இறங்கும். தண்ணீர்த் தொட்டி போன்ற கனமானவை அச்சுக்கு மேலேயே இருப்பது நல்லது. 80 லிட்டர் தண்ணீர் என்பது 80 கிலோ, ஒரு ஆள் எடை.

வண்டியையும் டிரெய்லரையும் இணைப்பது 50 மி.மீ. இரும்புக் குண்டு. தார்ச்சாலைக்கு அது போதும். கரடுமுரடான பாதையில் வண்டி ஒரு பக்கம் சாய, டிரெய்லர் மறுபக்கம் சாயும். குண்டின் மேல் கவிந்திருக்கும் கிண்ணம் ஓரளவுக்கு மேல் திரும்பாமல் இறுகிக்கொள்ளும். ஆகவே காட்டுப் பாதைக்குப் போகிறவர்கள் எல்லாத் திசையிலும் சுழலும் தனி வகை இணைப்பை மாட்டுகிறார்கள். பிரேக்கைப் பொறுத்தவரை சட்டமே உண்டு. 750 கிலோவுக்கு மேற்பட்ட டிரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம்.

ஓட்டும்போது அவசரமும் கூடாது, தயக்கமும் கூடாது. ஒரே சீரான வேகத்தில் போக வேண்டும். வளைவுகளை அகலமாக எடுக்க வேண்டும். நிற்க வேண்டுமானால் பிரேக்கை மிதிக்காமல் தானாக உருண்டு நிற்கவிடுவது நலம். பிரேக் போட்டால் ஆறு சக்கரங்களும் தத்தமக்கு முன்னே மணலைக் குவித்துக்கொள்ளும். கடலை நோக்கிச் சரிவாக இறங்கும் திசையில் நிறுத்தினால் மறுபடி கிளம்புவது எளிது. கரியில் இன்னொரு கவனமும் தேவை. தீவுக்குள்ளிருந்து வரும் ஓடைகள் கடற்கரையை அறுத்துக்கொண்டு கடலில் கலக்கின்றன. நேற்று சமமாக இருந்த இடத்தில் இன்று முழங்கால் உயரத்துக்கு வெட்டு விழுந்திருக்கும். 80-இல் வந்து அதில் விழுந்தால் முதலில் அடிபடுவது இணைப்புதான்.

கடல் ஏற்றத்தின் உச்சத்துக்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் கடற்கரையில் ஓட்ட வேண்டாம் என்பது அங்குள்ள பூங்கா நிர்வாகத்தின் அறிவுரை. நீர் வடிந்த ஈரமணல்தான் கெட்டியானது. நீர் ஏறிவிட்டால் மேலே உள்ள உலர்ந்த பொடிமணலில்தான் ஓட்டியாக வேண்டும். அங்குதான் டிரெய்லர் புதையும். அதே கரையில் துருப்பிடித்துக் கிடக்கும் மகேனோ கப்பலும் இழுவையின் கதைதான். 1935-இல் உடைப்பதற்காக ஜப்பானுக்கு அதை இன்னொரு கப்பல் இழுத்துச் சென்றபோது, புயலில் இழுவைக் கயிறு அறுந்தது. ஒதுங்கிய இடத்திலேயே இன்றும் கிடக்கிறது.

சரி, மாட்டிக்கொண்டாயிற்று. சக்கரம் சுழன்றும் வண்டி நகரவில்லை. முதல் வேலை, உடனே காலை எடுப்பது. மேலும் அழுத்தினால் ஒவ்வொரு சுற்றுக்கும் மணலைத் தோண்டி, வண்டி அச்சு வரை இறங்கி, வயிற்றில் உட்கார்ந்துவிடும். கர்ணனைப் போல இறங்கிச் சக்கரத்தைத் தூக்கப் பார்ப்பதிலும் பயனில்லை. மண்வெட்டியால் சக்கரங்களின் முன்னும், டிரெய்லரின் அச்சுக்கு அடியிலும் மணலை அள்ள வேண்டும். ஏர்க்கால் போல் முன்னே நீளும் அதன் சட்டம் மணலில் உட்கார்ந்திருக்கும், அதையும் விடுவிக்க வேண்டும். காற்றை இன்னும் இறக்கி, பற்கள் கொண்ட நெகிழிப் பலகைகளைச் சக்கரத்துக்கு அடியில் செருகி, மெதுவாக முயல வேண்டும். பெரும்பாலும் இதுவே போதும்.

நீர் ஏறுகிறது என்ற பதற்றத்தில் ஆட்கள் இதைச் செய்வதில்லை. உதவிக்கு நிற்கும் இன்னொரு வண்டியிலிருந்து ஒரு பட்டையை எடுத்து, கண்ணில் படும் முதல் இரும்பில் மாட்டுகிறார்கள். அந்த இரும்பு அனேகமாக இழுவைக் குண்டாக இருக்கும். நான் எழுத வந்த ஆபத்து இதுதான். மீட்புக்குப் பயன்படும் நைலான் பட்டை ரப்பர் போல நீளும். இழுக்கும் வண்டி ஓடி வந்து பட்டையை இழுத்து நீட்ட, அது சுருங்கும் விசையில் புதைந்த வண்டி வெளியே வருகிறது. சீராக இழுபடும் பாரத்துக்காகச் செய்யப்பட்ட குண்டு இந்தத் திடீர் வெட்டிழுப்பைத் தாங்காது. அது கழுத்தோடு முறிந்தால், நீண்ட பட்டை அதைக் கவண்கல்லைப் போல எறியும். கண்ணாடியைத் துளைத்து வண்டிக்குள் இருப்பவரைத் தாக்கும். ஆஸ்திரேலியாவில் இப்படி உயிரிழந்தவர்கள் இருக்கிறார்கள். குண்டு என்ற சொல்லுக்குத் தமிழில் உள்ள இன்னொரு பொருள் இங்கே அப்படியே பொருந்தும்.

பட்டையை மாட்ட வேண்டியது, இவ்வளவு பாரம் தாங்கும் என்று அளவு குறிக்கப்பட்டு, வண்டியின் சட்டத்தோடு திருகப்பட்ட மீட்பு வளையத்தில். வண்டி வாங்கும்போதே அது இருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட வேண்டும். இழுக்கும்போது இரு ஓட்டுநர்களைத் தவிர மற்றவர்கள் பட்டையின் நீளத்தைவிட அதிகத் தூரம் தள்ளி, பக்கவாட்டில் நிற்க வேண்டும்.

டிரெய்லரோடு சேர்த்து இரண்டையும் ஒரே மூச்சில் இழுக்க முயல்வதும் வேண்டாம். முடிந்தால் டிரெய்லரைக் கழற்றிவிட்டு, வண்டியை மட்டும் முதலில் கெட்டி மணலுக்குக் கொண்டு போக வேண்டும். கழற்றிய டிரெய்லரின் முன்பக்கத்தைத் தாங்கும் சிறு சக்கரம் மணலில் முழுதாக இறங்கிவிடும் என்பதால், அதற்கு அடியில் வைக்க ஒரு பலகைத் துண்டு கையில் இருக்க வேண்டும். பிறகு கெட்டித் தரையில் நின்ற வண்டியிலிருந்து, நீளாத வகைப் பட்டையைக் கொண்டு, அடி அடியாக டிரெய்லரை இழுத்து வரலாம். நேரம் பிடிக்கும். நீர் அதற்குள் வந்துவிடும் என்று தெரிந்தால் டிரெய்லரை அங்கேயே விட்டுவிட்டு ஆட்கள் மேட்டுக்கு ஏறிவிட வேண்டும்.

தார்ச்சாலைக்குத் திரும்பியதும் கம்பிரசரால் ஆறு டயர்களுக்கும் காற்றடிக்காமல் வேகம் எடுக்கக் கூடாது. காற்றுக் குறைந்த டயரின் பக்கச் சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி வெடிக்கும். உப்பு நீர் டிரெய்லரின் பேரிங்குகளிலும் பிரேக்கிலும் தங்கினால் அடுத்த பயணத்தில்தான் தன் வேலையைக் காட்டும். அன்றைக்கே நல்ல தண்ணீரில் அடிப்பாகம் முழுவதையும் கழுவிவிடுகிறார்கள்.