வெளிநாட்டில் அறை வாடகை: சதவீதம் தெரிந்தால் சேமிக்கலாம்

கோடை விடுமுறையில் குடும்பத்துடன் வெளிநாடு செல்லத் திட்டமிடும் ஆசிரியர்களில் பலர் முதலில் நினைப்பது சிங்கப்பூரைத்தான். விமானக் கட்டணத்திற்கு அடுத்த பெரிய செலவு அங்கு அறை வாடகை. பல மாதச் சேமிப்பு இதில் அடங்கியிருப்பதால், முன்பதிவுக்கு முன் நான் பார்க்கும் சில செய்திகளை இங்கே பகிர்கிறேன்.

சிங்கப்பூர் விடுதிகள் பலவற்றில் வாடகை ‘150++’ என்று குறிக்கப்பட்டிருக்கும். முதல் கூட்டல் குறி 10 சதவீத சேவைக் கட்டணம். இரண்டாவது, சரக்கு மற்றும் சேவை வரி; 2024 முதல் இது 9 சதவீதம். வரி, சேவைக் கட்டணத்தின் மீதும் சேர்த்தே கணக்கிடப்படுகிறது. எனவே 150 டாலர் முதலில் 165 ஆகி, வரியுடன் 179.85 ஆகிறது. மொத்த உயர்வு 19 சதவீதம் அன்று, 19.9 சதவீதம்.

அருகிலுள்ள மற்றொரு விடுதியில் எல்லாம் உட்பட 170 டாலர் என்று வைத்துக்கொள்வோம். பார்வைக்கு 20 டாலர் அதிகம். ஆனால் நான்கு இரவுகளுக்கு முதல் விடுதியில் 719.40 டாலரும், இரண்டாவதில் 680 டாலரும் ஆகும். ஆகவே, எந்த இணையதளத்தில் தேடினாலும் இறுதிப் பக்கத்தில் வரும் மொத்தத் தொகையை மட்டுமே ஒப்பிடுகிறேன். அதே அறைக்கு விடுதியின் சொந்த இணையதளத்தில் என்ன விலை என்பதையும் பார்த்துவிடுவேன்.

அரசுப் பணியில் இருக்கும் நாம் வெளிநாடு செல்லத் துறையின் அனுமதி பெற வேண்டும். அது வரும்வரை, கட்டணமின்றி ரத்து செய்யக்கூடிய அறையையே பதிவு செய்வது நல்லது. சற்று மலிவாகக் கிடைக்கும், பணம் திரும்பாத பதிவு, பயணத் தேதி மாறினால் முழு இழப்பாகிவிடும்.

சென்னையிலிருந்து இரவு விமானத்தில் சென்றால் அதிகாலையில் இறங்குவோம். அறை பெரும்பாலும் பிற்பகல் 2 அல்லது 3 மணிக்கே கிடைக்கும். அதற்காக முந்தைய இரவுக்கும் வாடகை கொடுக்கத் தேவையில்லை. பெட்டிகளை வரவேற்பறையில் வைத்துக்கொள்ள இயலுமா என்று முன்கூட்டியே கேட்டுவிட்டால், ஊர் பார்க்கக் கிளம்பலாம். லிட்டில் இந்தியாவில் தங்குவோர் காலை உணவு சேராத அறையையே எடுக்கலாம். டெக்கா நிலையத்தில் இட்லி, தோசை கிடைக்கும். மலிவான அறைகளில் சன்னல் இல்லாதவையும் உண்டு என்பதால் அறை விவரத்தை முழுமையாகப் படிக்க வேண்டும்.

மலிவாக இருக்கிறதே என்று தனியார் குடியிருப்பைச் சில நாள்களுக்கு எடுத்துவிடக் கூடாது. அங்கு தனியார் வீடுகளை மூன்று மாதத்திற்குக் குறைவாக வாடகைக்கு விடுவது சட்டப்படி தடை செய்யப்பட்டுள்ளது.

அட்டையில் பணம் செலுத்தும்போது ‘ரூபாயிலா, டாலரிலா?’ என்று இயந்திரம் கேட்கலாம். டாலரையே தேர்ந்தெடுங்கள். ரூபாயைத் தேர்ந்தால் மாற்று விகிதத்தில் கூடுதல் தொகை சேர்ந்துவிடும். நம் வங்கி பிடிக்கும் அந்நியச் செலாவணிக் கட்டணத்தையும் முன்பே கேட்டறிவது நலம்.

8ஆம் வகுப்பு வாழ்வியல் கணிதத்தில் சதவீதம் நடத்தும்போது இந்த ‘150++’ கணக்கைக் கரும்பலகையில் எழுதிப் பாருங்கள். 10-உம் 9-உம் சேர்ந்தால் ஏன் 19 ஆகவில்லை என்று மாணவர்களே விவாதிக்கட்டும்.