கண்ணாடியில் உப்பு, காற்றில் குளோரின்

சென்னையின் ஓ.எம்.ஆர்., வேளச்சேரிப் பக்கம் புதிதாக எழும் அடுக்குமாடி வீடுகளில் குளியலறைக்குக் கண்ணாடித் தடுப்பு வைப்பது வழக்கமாகிவிட்டது. குழாயில் வருவதோ பெரும்பாலும் போர் தண்ணீர், இல்லாவிட்டால் லாரித் தண்ணீர். குடிபோன சில மாதங்களிலேயே கண்ணாடி வெளுக்கிறது. அந்த வெளுப்பு பார்க்க அசிங்கம், அவ்வளவுதான். அதனால் உடம்புக்கு ஒரு கெடுதலும் இல்லை. அதை எடுக்கப் போகும்போதுதான் கை வேகிறது, கண் எரிகிறது, சில சமயம் ஆஸ்பத்திரி வரை போக வேண்டியிருக்கிறது.

'உப்பு படிஞ்சிருக்கு' என்கிறோம். சாப்பாட்டு உப்பாக இருந்தால் ஒரு செம்புத் தண்ணீரில் கரைந்து ஓடியிருக்கும். இது கால்சியம், மக்னீசியம் கார்பனேட். சுண்ணாம்புக் கல்லின் இனம். குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியே இல்லாவிட்டால் 600 வரை ஏற்கலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 10500. அந்த 600 அளவுத் தண்ணீரில் ஒருவர் குளித்து முடித்ததும் கண்ணாடியில் 50 மில்லி தங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது காய்ந்தால் மிஞ்சுவது 30 மில்லிகிராம். தினம் இரண்டு பேர் குளித்தால் ஓர் ஆண்டில் ஏறக்குறைய 22 கிராம் சுண்ணாம்பு. சோப்பு இதே கால்சியத்தோடு சேர்ந்து பிசுபிசுப்பான ஒரு படலமாகி அதன்மேல் ஒட்டிக்கொள்ளும்.

இதுவரை வினிகரே போதும். சிக்கல், விட்டுவைத்த கண்ணாடியில் தொடங்குகிறது. தமிழ்நாட்டில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு நிலம் கடும்பாறை. அந்தப் பாறை இடுக்குகளில் ஊறும் நீரில் சிலிக்காவும் கரைந்திருக்கும். காய்ந்த சிலிக்கா கண்ணாடியோடு ஒட்டினால் எளிதில் விடாது, கண்ணாடியும் சிலிக்காதானே. இன்னொன்று: கண்ணாடியின் மேல் ஈரம் நாள்கணக்கில் நின்றால், கண்ணாடிக்குள் இருக்கும் சோடியம் வெளியே கசிந்து அந்த ஈரத்தைக் காரமாக்கும், காரம் கண்ணாடியையே மெல்ல அரிக்கும். நகத்தால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பாக இருந்தால் மேலே ஏதோ படிந்திருக்கிறது. வழுவழுப்பாக இருந்தும் மங்கலாகத் தெரிந்தால் அங்கே எடுப்பதற்குக் கறை எதுவும் இல்லை. அரித்துப்போன கண்ணாடியை எந்தத் திரவமும் திரும்பத் தராது.

ஆனால் வினிகருக்கு அசையவில்லை என்றதும் நம் கை நேரே ஆசிட் பாட்டிலுக்குப் போகிறது. வீடுகளில் 'ஆசிட்' என்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். சிலிக்காவையும் அரிப்பையும் அது ஒன்றும் செய்யாது. எங்கே வினிகர் தோற்கிறதோ அங்கே ஆசிட்டும் பெரும்பாலும் தோற்கும் என்பதை எழுதி ஒட்டிவைக்கலாம். அதன் வேலை வேறு இடங்களில் நடக்கிறது: புகை பட்டாலே போதும், கதவைத் தாங்கும் ஸ்டீல் கீல்களிலும் குரோம் குழாய்களிலும் புள்ளி புள்ளியாக அரிப்பு விழும். பளிங்கும் கடப்பா கல்லும் சுண்ணாம்பு வகைக் கற்கள். கறையைக் கரைப்பது அவற்றையும் கரைக்கும். டைல்ஸ் இடுக்குச் சிமெண்டும் அப்படியே. அமிலத்தைச் சில்லறையில் விற்பதற்கு உச்ச நீதிமன்றம் 2013 ஜூலையில் கடும் கட்டுப்பாடு விதித்தது: வாங்குபவரின் அடையாள அட்டை, முகவரி, விற்பனைப் பதிவேடு, 18 வயதுக்குக் குறைந்தோருக்கு விற்கத் தடை. தெருவில் பினாயிலோடு சேர்த்துப் பழைய தண்ணீர் பாட்டிலில் ஊற்றித் தரப்படும் ஆசிட்டுக்கு இதில் எதுவும் கிடையாது. பாட்டிலில் பெயர்கூட இருக்காது.

இதைவிடப் பெரிய ஆபத்து அடுத்த படியில். ஆசிட் ஊற்றியும் போகவில்லை, சரி, கொஞ்சம் பிளீச்சிங் பவுடர் போட்டுப் பார்ப்போம் என்று தோன்றுகிறதே, அங்கே. பிளீச்சிங் பவுடரோ திரவ பிளீச்சோ அமிலத்தைத் தொட்ட கணம் குளோரின் வாயு கிளம்பும். 1915-இல் ஈப்ரே போர்க்களத்தில் ஜெர்மானியப் படை திறந்துவிட்டது இதே வாயுவைத்தான். காற்றில் பத்து லட்சத்தில் 10 பங்கு இருந்தால் உயிருக்கு உடனடி ஆபத்து என்று அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் எல்லை வகுத்திருக்கிறது. ஐந்தடிக்கு எட்டடி, ஒன்பதடி உயரக் குளியலறையில் அந்த எல்லையை எட்ட 100 மில்லி வாயு போதும், ஒரு காபி டம்ளர் அளவு. காற்றைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு கனம் என்பதால் அது தரையோடு தங்கும். கழுவுகிறவர் உட்கார்ந்து தேய்க்கும் உயரமும் அதுதான்.

வினிகரும் அமிலமே, பிளீச்சோடு சேர்ந்தால் அதுவும் குளோரினைக் கிளப்பும். அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான் திரவம் பிளீச்சோடு சேர்ந்தால் குளோரமைன், அதுவும் நஞ்சு. வீட்டில் இப்படிக் கலந்து 1980-களின் பிற்பகுதியில் ஜப்பானில் உயிர்கள் போனபின், 'கலக்காதே, ஆபத்து' என்ற வாசகம் அங்கே புட்டிகளின் முகப்பில் பெரிய எழுத்தில் ஏறியது. நம் கடைகளில் அது இருந்தாலும் ஆங்கிலத்தில், பின்பக்கம், பூதக்கண்ணாடி எழுத்தில். படிக்க வேண்டியவர் பெரும்பாலும் வீட்டு வேலைக்கு வரும் பெண்.

ஒன்று சொல்லிவிட வேண்டும்: வினிகரும் சமையல் சோடாவும் கலக்கும் பிரபலக் குறிப்பில் ஆபத்து இல்லை, பயனும் அதிகம் இல்லை. நுரைத்து முடித்ததும் ஒன்றை ஒன்று அழித்துவிடுகின்றன.

'கண்ணாடி புதுசாகும்' என்று விற்கும் சில கறைநீக்கிகளில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலமோ அம்மோனியம் பைஃபுளோரைடோ இருக்கும். சிலிக்காவைக் கரைப்பவை இவை, அதாவது கண்ணாடியையும் கரைப்பவை. தோலில் பட்டால் உடனே வலிக்காமலும் போகலாம். உள்ளே இறங்கி உடம்பின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். லேபிளில் 'ஃபுளோரைடு' என்ற சொல் தென்பட்டால் அந்தப் புட்டி வீட்டுக்குள் வரக் கூடாது.

செய்யத் தக்கது எளிது. வினிகரிலோ, ஒரு டம்ளர் தண்ணீரில் இரண்டு டீஸ்பூன் லெமன் சால்ட் கரைத்த நீரிலோ துணியை நனைத்துக் கண்ணாடியில் ஒட்டிக் கால் மணி நேரம் விட்டு, தேய்த்துக் கழுவலாம். தரை கடப்பாவோ பளிங்கோ என்றால் சொட்டு விழாமல் பார்க்க வேண்டும். கம்பி நார் வேண்டாம். கீறலில் அடுத்த படிவு இன்னும் இறுகப் பிடிக்கும். குளித்ததும் ஒரு சிறு ரப்பர் வைப்பரால் இழுத்துவிட்டால் படிவதற்கே தண்ணீர் இருக்காது. மொத்தக் குடியிருப்புக்கும் சாஃப்ட்னர் வைப்பது பயன் தரும். அது கால்சியத்தை எடுத்துச் சோடியத்தைப் போடும், ஆனால் நீரில் கரைந்திருப்பவற்றின் மொத்த அளவைக் காட்டும் டி.டி.எஸ். எண் குறையாது. அதைக் காட்டி யாராவது 'வேலை செய்யவில்லை' என்றால் நம்ப வேண்டாம்.

தவறிக் கலந்துவிட்டால் பாத்திரத்தை எடுக்கவோ, மேலே இன்னொன்றை ஊற்றவோ நிற்காமல் வெளியேறுங்கள். முடிந்தால் போகிற போக்கில் எக்ஸாஸ்ட் விசிறியைப் போடுங்கள். கண்ணிலும் தோலிலும் பட்டிருந்தால் கால் மணி நேரம் ஓடும் நீரில் கழுவுங்கள். இருமல் அடங்கிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள்: அதிகமாக உள்ளே போயிருந்தால் நுரையீரலில் நீர் கோப்பது சில மணி நேரம் கழித்தும் தொடங்கலாம். கழுவியவர் அதற்குள் வேலை முடித்துத் தம் வீட்டுக்குப் போயிருப்பார். சாயங்காலமும் இரவும் போன் செய்து கேளுங்கள். மூச்சு வாங்குகிறது என்றால் 108-ஐ அழையுங்கள், என்னென்ன கலந்தது என்பதை டாக்டரிடம் சொல்லுங்கள்.